தெரியாத வெளியீட்டாளர்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அவர் பென்டிரைவைக் கணினியில் செருகினார்.

அவள் மருந்துக்கடைக்குக் கிளம்பி நின்றாள். வெள்ளைக் கோட்டு கையில் மடிந்திருந்தது. அவர் வாசிக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அவர் தொடங்கவில்லை. பென்டிரைவில் இருந்த ஒரே கோப்பின் மேல் மவுஸை வைத்து, வலது பொத்தானை அழுத்தி, அதன் விவரங்களைத் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் போனார். எதையோ அழுத்தினார். மறுபடி அதையே அழுத்தினார்.

“செல்லாது,” என்றார்.

“எது?”

“கையெழுத்து.”

பென்டிரைவைப் பிடுங்கி மேசையின் ஓரத்தில், தன்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்.

வியாழக்கிழமை காலை அவருடைய குரல்வளையை முழுதாக எடுத்துவிடப் போகிறார்கள். கட்டி ஒரு பக்கம்தான் என்று முதலில் சொன்னார்கள். இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை. உயிருக்குப் பயமில்லை, நடக்கலாம், சாப்பிடலாம், வேலைக்குக்கூடப் போகலாம், பேச மட்டும் முடியாது என்றார் மருத்துவர். அவர் தலையாட்டினார். “பேச மட்டும்,” என்று ஒரு முறை திருப்பிச் சொன்னார், படிவத்தில் எழுதியிருப்பதைச் சரிபார்ப்பதுபோல. அதே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் இந்த வழியைச் சொன்னாள். ஒரு மென்பொருள் இருக்கிறது. அது காட்டும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். மொத்தம் அறுநூறு. பிறகு அவர் எதைத் தட்டச்சு செய்தாலும் அவருடைய குரலிலேயே பேசும். போனில் சும்மா பதிந்துவைத்தால் உதவாது, அதற்குள்ளேயே வாசித்தால்தான் அது குரலைக் கட்டிக்கொள்ளும். தொண்டை ஏற்கெனவே கரகரத்துக் கிடப்பதால் ஒரு நாளைக்கு இருநூறைத் தாண்ட வேண்டாம். இதையெல்லாம் சொல்லி, அவளே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

திங்கள், செவ்வாய், புதன். கணக்கு சரியாக இருந்தது.

முப்பத்தொரு வருடமாக அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறார். அங்கே எந்தக் கணினியிலும் எந்த மென்பொருளும் அவர் பார்க்காமல் ஏறாது. செக்போஸ்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். வீட்டிலும் அதே கதை. மகளுக்குக் குழந்தை பிறந்த அன்று மருமகன் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினான். புது முகவரியிலிருந்து வந்ததால் இவர் திறக்கவில்லை. மருமகனைப் போனில் பிடித்து, நீதான் அனுப்பினாயா என்று கேட்டுவிட்டுத் திறப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. பேத்தியின் முகத்தைத் தெருவே பார்த்த பிறகுதான் தாத்தா பார்த்தார். மகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இந்தக் கையெழுத்து விஷயம் அவளுக்குப் புதிதல்ல. மென்பொருளை எழுதி முடித்தவர் அதன் மேல் ஒரு டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு மூடுகிறார். யார் போட்டது என்று அதில் இருக்கும். அதற்குப் பிறகு யாராவது உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து உடைந்துவிடும். உடைந்ததை மறுபடி ஒட்ட முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதை அவளுக்கு விளக்கியிருக்கிறார். அன்று வேறு ஏதாவது பேசுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

“ஆஸ்பத்திரியில குடுத்தது,” என்றாள்.

“ஆஸ்பத்திரியில எழுதல. வேற எவனோ எழுதினது. நடுவுல யாரோ கை வச்சிருக்காங்க.”

“யாரு?”

“அது தெரிஞ்சா நான் ஏன் பயப்படப்போறேன்.”

குரல் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மூச்சு மட்டும்தான் சொன்னது. அவள் சுவரைப் பார்த்தாள்.

“மூடி சீல் உடஞ்ச பாட்டில உன் கடையில விப்பியா?” என்று அவர் கேட்டார்.

“என் புருஷனுக்குன்னா விப்பேன்.”

“பொய்.”

பொய்தான். போன மாதம் ஒரு பெட்டி முழுக்க இருமல் மருந்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள். மேலே ஒட்டிய டேப்பின் அகலம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது என்பதுதான் காரணம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மதியம் கடையில் கூட்டம் குறைந்ததும் மருத்துவமனைப் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். அவள் சிரித்தாள். எல்லோருக்கும் அதே கோப்பைத்தான் கொடுப்பதாகவும், போன மாதம்கூட நாலு பேர் போட்டுக்கொண்டு போனதாகவும் சொன்னாள். திரையில் ஒரு எச்சரிக்கை வரும், தெரியாத வெளியீட்டாளர் என்று பயமுறுத்தும், அதைக் கண்டுகொள்ளாமல் கீழே சின்னதாக இருக்கும் இன்னொரு பொத்தானை அழுத்தினால் தானாக ஓடும் என்று பொறுமையாக விளக்கினாள். சாருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். சார் காலையிலேயே படம் பிடித்து மெயில் போட்டிருந்தார் என்றும், அதை எங்கள் கணினி ஆளுக்கு அனுப்பியிருக்கிறேன், அவர் எப்போது பார்ப்பாரோ என்றும் சொன்னாள்.

அன்று ஒரு வாக்கியமும் வாசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் நடக்கப் போனதும் அவள் மேசையில் உட்கார்ந்து பென்டிரைவைச் செருகினாள். கோப்பை இரண்டு முறை அழுத்தினாள். திரை கொஞ்சம் இருண்டு, நடுவில் பெட்டி வந்தது. வெளியீட்டாளர்: தெரியவில்லை. கீழே இரண்டு பொத்தான்கள். அந்தப் பெண் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். இதை அழுத்திவிட்டு, சரியாகிவிட்டது, கையெழுத்து சரியாக இருக்கிறது என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். போய்ப் பார்ப்பார். பார்த்த பிறகும் ஒருவேளை எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து வாசிப்பார், அவளுக்காக. நம்பாத இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கிற குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். மீதி வருடங்கள் முழுக்க அந்தக் குரலைத்தான் கேட்க வேண்டும். அவருடைய துண்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எச்சரிக்கைப் பெட்டியை மூடினாள்.

அவர் திரும்பி வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி மேசையைப் பார்த்தார். பென்டிரைவ் இடப்பக்கம் கிடந்தது. அவர் வலப்பக்கம் வைத்திருந்தார்.

“அமுக்கினியா?”

“இல்ல.”

“ஏன்?”

“உங்களுக்குத் தூக்கம் வராது. அப்புறம் எனக்கும் வராது.”

அவர் சமையலறைக்குப் போய் அவளுக்கும் சேர்த்து வெந்நீர் வைத்தார். டம்ளரை அவள் முன்னால் வைத்தபோது, அவள் தலையில் ஒரு விரலால் தட்டினார். அவ்வளவுதான்.

அன்று காலையே அவர் மென்பொருளை எழுதியவரின் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். அது பழைய பக்கம். ஒரு ஒலிவாங்கியின் படமும் நாலு வரியும் மட்டும் இருந்தன. அங்கிருந்து நேராக இறக்கினார். விவரங்களைத் திறந்தார். இந்த முறை கையெழுத்து முழுதாக இருந்தது. அவள் பின்னால் நின்று தோள் வழியாகப் பார்த்தாள். சரி என்று திரையே சொன்னது. அவள் மூச்சை விட்டாள். அவர் விடவில்லை.

மென்பொருளுக்கும் பக்கத்துக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. கையெழுத்தில் ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது. அந்த ஆள் யார் என்று பக்கத்தில் எங்கும் இல்லை.

“அதான் சரின்னு வந்துருச்சே.”

“யாரும் தொடலன்னு வந்திருக்கு. போட்டவன் நல்லவன்னு வரல. அது கையெழுத்துக்குத் தெரியாது.”

“உங்களுக்கு?”

“எனக்கு இந்த ஆளையே தெரியாதே.”

பக்கத்தின் அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்குக் கடிதம் எழுதினார். மூன்று வரி. நான் இன்னார், நாளை மறுநாள் எனக்கு இன்னது நடக்கிறது, இந்தக் கையெழுத்து உங்களுடையதா. பதில் வரவில்லை. மதியம் சாப்பிட்ட தட்டோடு வந்து திரையைப் பார்த்தார். தட்டைக் கழுவிவிட்டு வந்தும் பார்த்தார்.

நாலு மணிக்கு மருத்துவமனைப் பெண்ணே கடைக்குப் போன் செய்தாள். நேற்றுச் சிரித்த குரலாக இல்லை. கணினி ஆள் வந்து பார்த்திருக்கிறார். அவர்களுடைய கணினியில் ஒரு வைரஸ் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்ததாம். அதில் இருந்த ஓடக்கூடிய கோப்புகள் ஒவ்வொன்றிலும் தன்னைக் கொஞ்சம் ஒட்டிவைத்திருந்ததாம். கொண்டுபோன நாலு பேரையும் இப்போதுதான் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் ஒருவருக்குப் பதிந்ததெல்லாம் திறக்கவே முடியாதபடி பூட்டிக்கொண்டதாம், அவருக்கு அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. “சார்கிட்ட ரொம்ப நன்றின்னு சொல்லுங்கம்மா,” என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஆளைப் பற்றிச் சொன்னபோது, எவ்வளவு வயது என்று மட்டும் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன் பார் என்று அவர் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இன்றாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. நாளை மறுநாளுக்குப் பிறகு நினைத்தாலும் சொல்ல முடியாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் மறுபடி மின்னஞ்சலைத் திறந்தார். எதுவும் இல்லை. அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டா? கோவிக்கக் கூடாது.”

“கேளு.”

“செக் பண்றீங்களா, தள்ளிப் போடுறீங்களா?”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஸ்கேனுக்காக வைத்த மைப்புள்ளி இன்னும் அழியாமல் இருந்தது.

“ரெண்டும்தான்,” என்றார்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது கனமாக இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பதில் வந்தது. கையெழுத்து என்னுடையதுதான், சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி, கீழே எண். அவள் போனை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மெயிலை எழுதியவன் ஏமாற்றுக்காரனாக இருந்தால் எண்ணும் அவனுடையதாகத்தான் இருக்கும் என்றார். மாலை ஆறு மணிக்குள் மருத்துவமனையில் படுக்கையில் இருக்க வேண்டும். அவள் மருத்துவமனைப் பெண்ணைக் கூப்பிட்டாள். மென்பொருள் வந்த காலத்தில் கொடுத்த அச்சடித்த துண்டுச்சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. இருந்தது. மூன்று வருடப் பழைய சீட்டு. அந்தப் பெண் எண்ணை வாசித்தாள். அதே எண்தான்.

அவர் அவளைப் பார்த்தார். அலுவலகத்தில் ஒருவரும் அவருக்கு இப்படி யோசித்துக் கொடுத்ததில்லை.

“உன்ன வேலைக்கு எடுத்துக்கலாம்போல.”

“ஒண்ணும் வேணாம். போன் பண்ணுங்க.”

ஸ்பீக்கரில் போட்டார். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. மெல்ல விசைகள் தட்டப்படும் சத்தம் மட்டும் வந்தது. ஏமாற்றுக்காரன்தான் என்று அவள் நினைத்த நேரத்தில் ஒரு ஆண் குரல் வந்தது.

“வணக்கம். நான் டைப் பண்ணித்தான் பேசுவேன். கொஞ்சம் பொறுத்துக்கணும்.”

நடுவயதுக் குரல். கொஞ்சம் மூக்கில் பேசுவது. சொற்களுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவாக இருந்தது. மூச்சு வாங்கவில்லை, அது மட்டும்தான் வித்தியாசம். அவள் கணவரின் முகத்தைப் பார்க்காமல் ஸ்பீக்கரின் துளைகளையே பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் கரகரத்த குரலில் தான் யார் என்று சொன்னார். பிறகு வேலையில் இறங்கினார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் நாற்பது இடம் கொண்ட ஒரு நீளமான அடையாளம் உண்டு, எண்ணும் எழுத்தும் கலந்தது. கைரேகை என்பார் அவர். அது இன்னொரு கையெழுத்துக்கு வராது. தன் திரையில் இருப்பதை அவர் முழுதாகச் சொல்லவில்லை. முதல் பாதியை நான் சொல்கிறேன், அடுத்த பாதியை நீங்கள் சொல்லுங்கள் என்றார். சொன்னார். மறுமுனையில் விசைகள் தட்டின. நின்றன. குரல் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. மூணு, சி, ஒம்பது, ஏ. அவர் பென்சில் முனையைத் திரையில் வைத்து ஒவ்வொரு இடமாக நகர்ந்தார். இருபதும் ஒத்துப்போயின.

“இத இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. நீங்கதான் மொத ஆளு,” என்றது குரல்.

“கம்பெனி பேரு வேற, கையெழுத்துல பேரு வேற. அதான்.”

விசைகள். “கம்பெனின்னு ஒண்ணும் கிடையாது சார். நானும் என் நாயும்தான். நாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் தண்ணீரை நீட்டினாள். மறுமுனை காத்திருந்தது. காத்திருப்பது அதற்குப் பழக்கம்போல இருந்தது.

“எப்ப எடுத்தாங்க உங்களுக்கு?” என்று அவர் கேட்டார்.

“எட்டு வருஷம். அப்ப இந்த மாதிரி எதுவும் இல்ல. நானே எழுதிக்கிட்டேன். எழுதி முடிக்கிறதுக்குள்ள ஆபரேஷன் தேதி வந்துருச்சு. எண்பது வாக்கியந்தான் பதிய முடிஞ்சுது. அதான் கொஞ்சம் மூக்குல பேசுறேன். உங்ககிட்ட எவ்வளவு நேரம் இருக்கு?”

“சாயங்காலம் வரைக்கும்.”

“அப்ப என்கூடப் பேசி நேரத்த வீணாக்காதீங்க. நூத்தம்பது போட்டாப் போதும், ஓரளவு வந்துரும். முடிச்சதும் கடைசியில உங்க சொந்த வாக்கியம் கேக்கும். அத மட்டும் விட்டுறாதீங்க. அத நான் மாத்த மாட்டேன். நீங்க எப்படிச் சொன்னீங்களோ அப்படியே இருக்கும்.”

போனை வைத்தார்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“ஆளு மாதிரியே இருக்குல்ல?”

“ஆளேதான்,” என்றாள்.

பதினோரு மணிக்குத் தொடங்கினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றிப் பின்னறையில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். அழைப்புமணியின் கம்பியை அவர் பிடுங்கிவிட்டார். அவர் அந்த மணியை அடித்ததே இல்லை, தினமும் வேலை முடிந்து வந்து கதவை இரண்டு முறை தட்டிக் குரல் கொடுப்பார். கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். வாசிக்கும்போது வேறு சத்தமே இருக்கக் கூடாது, நாற்காலி கிறீச்சிட்டாலும் அந்த வாக்கியம் போச்சு என்று மென்பொருளின் கையேட்டில் இருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துக் காட்டினார்.

திரையில் சிவப்புப் புள்ளி எரியும்போது வாசிக்க வேண்டும். அந்தப் பாலத்துக்கு அடியில் இரண்டு படகுகள் நின்றன. இந்த வரிசை ஏன் நகரவில்லை? மழைக்கு முன்னால் ஜன்னலைச் சாத்திவிடு. பஞ்சு மூட்டையை மஞ்சள் வண்டியில் ஏற்றினார்கள். மொழியில் இருக்கிற ஒலியெல்லாம் வந்துவிட வேண்டும் என்று எழுதிய வாக்கியங்கள். யாரும் யாரிடமும் பேசாதவை. எங்கள் நெட்டைக் கொக்குக்கு எட்டுக் குட்டை என்று ஒன்று வந்தபோது அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. புள்ளி அணைந்தது. மறுபடி வாசித்தார், மறுபடி சிரித்தாள். மூன்றாவது தடவை அவளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். சுவரைப் பார்த்தபடி அவள் தோள் குலுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் வாசித்து முடித்துவிட்டார்.

எண்பதாவது வாக்கியத்தில் குரல் பிளந்தது. அரை மணி நேரம் நிறுத்தினார்கள். வெந்நீர் குடித்தார். பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். ‘விசிறி போடாதே, வேர்க்கட்டும்’ என்று எழுதினார். அவருடைய எழுத்து எப்போதும் போலச் சாய்வில்லாமல் நேராக இருந்தது. இனிமேல் நிறைய எழுத்து பார்க்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் காகிதத்தை அவள் மடித்து வைத்துக்கொண்டாள்.

நூற்று இருபதில் ஒருமுறை நின்றது. நூற்று நாற்பதில் ஒருமுறை. வாக்கியத்தின் கடைசியைப் பிடித்துக்கொண்டு வர அவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நூற்று ஐம்பது முடிந்தபோது நாலரை மணி. மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பெட்டி வாசற்பக்கம் தயாராக இருந்தது. அவள் எழுந்துகொள்ளப் போனாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

திரை வெறுமையாக இருந்தது. இப்போது வாக்கியம் எதுவும் காட்டவில்லை. உங்கள் சொந்த வாக்கியங்கள், பத்து வரை என்று மேலே இருந்தது. தொண்டை பத்துக்குத் தாங்காது என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் யோசித்தார். முதலாவது மகளுக்கு. போனை வைத்துவிடாதே, டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னார். இரண்டாவது அலுவலகத்துக்கு. அந்தக் கோப்பைத் திறக்காதே. அதைச் சொல்லும்போது குரலில் எங்கிருந்தோ பழைய கனம் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவதாகப் பேத்தியின் செல்லப் பெயரை மட்டும் இழுத்துச் சொன்னார்.

பிறகு தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி அவள் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கியை இருவருக்கும் நடுவில் வைத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிவப்புப் புள்ளி எரிந்தது. அவர் விரலை மடக்கி மேசையில் இரண்டு முறை தட்டினார்.

“கதவத் திறம்மா. நான்தான்.”